இஷ்ரத்தம்மாவின் வலது கால்

மனுஷன் செய்ய வேண்டிய முயற்சியையும் ஆண்டவன் கொடுக்க வேண்டிய அருளையும் பங்கு பிரித்து வைக்கும் ஒரு பழஞ்சொல் எங்கள் ஃபிர்தௌஸ் ஊரில் உண்டு. ஈரான் முழுக்கவே உண்டு. லாரிகளின் முதுகில், தையற்கடைச் சுவரில், பள்ளிக்கூட நோட்டு அட்டையில், எங்கே திரும்பினாலும் அதுதான். எங்கள் டிரைவிங் பள்ளி முதலாளி அதைப் பொன் எழுத்தில் அச்சடித்து நான் பாடம் எடுக்கும் காரின் டாஷ்போர்டில் ஒட்டியும் வைத்திருக்கிறார். வருஷக்கணக்காக அதன் முகத்தில் விழித்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது. அதனால் அதை இங்கே எழுதப் போவதில்லை. எனக்குப் புளித்துப்போய்விட்டது.

நாங்கள் எல்லோரும் அந்தச் சொல்லைப் பால்பல் விழும் வயதிலேயே படித்து முடித்தவர்கள். இஷ்ரத்தம்மா மட்டும் ஐம்பத்தெட்டு வயதில், என் காரில் உட்கார்ந்து படித்தார். இதை அவரிடம் சொன்னால் கரண்டியை எடுத்துக்கொண்டு வருவார். ஆகவே அவர் காது கேட்காத இடத்தில் சொல்கிறேன்.

எங்கள் தெருவில் இஷ்ரத்தம்மாவைத் தெரியாதவர் இல்லை. காரணம், அவருடைய அண்டா. யாருக்கு என்ன குறை வந்தாலும் இஷ்ரத்தம்மா நேர்ச்சை செய்துவிடுவார். பயறும் கீரையும் மாவு இழையும் போட்டு, கரண்டி நட்டால் நிற்கிற அளவுக்கு ஆஷ் என்கிற கஞ்சியைக் காய்ச்சித் தெருவுக்கே ஊற்றுவார். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வரன் அமைய ஒரு அண்டா. ரொட்டிக்கடைக்காரரின் முதுகுவலிக்கு ஒரு அண்டா. பக்கத்து வீட்டுப் பூனை காணாமல் போனதற்குக்கூட அரை அண்டா. பூனை வரவில்லை. ஆனால் அன்றைக்கு வெங்காயம் நன்றாகப் பொன்னிறமாக வதங்கியிருந்தது என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள்.

ஊரில் மற்றவர்கள் காரியம் கைகூடிய பிறகுதான் நேர்ச்சையை நிறைவேற்றுவார்கள். அதுதான் வழக்கம். இஷ்ரத்தம்மாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. முதலில் ஆஷ், பிறகு கோரிக்கை. "வாங்கித் தின்னுட்டுச் செய்யாம இருக்க அவருக்கு மனசு வருமா?" என்று கேட்பார். அவர் என்று சொல்வது ஆண்டவனைத்தான்.

அவருடைய கணவர் நவ்ரூஸ் அலி, மஷ்ஹத் போகும் பஸ்ஸை முப்பது வருஷம் ஓட்டியவர். மீசையும் குரலும் பஸ் அளவுக்கே இருக்கும். ஓய்வு பெற்ற பிறகு மலையடிவாரத்தில் இருக்கும் மாதுளைத் தோட்டத்துக்கு இரண்டு பேரும் தங்கள் பழைய காரில் போய்வருவார்கள். அங்கே நிலத்தடிக் கால்வாயிலிருந்து வரும் தண்ணீர் முறை வைத்துத்தான் கிடைக்கும். நம் முறை வரும்போது நாம் போய் மண்வெட்டியால் மடையைத் திறக்கவேண்டும். ஆள் வரவில்லை என்றால் தண்ணீர் காத்திருக்காது, அடுத்தவர் தோட்டத்துக்குப் போய்விடும். இப்படி இருக்கும்போதுதான் நவ்ரூஸ் அலிக்குக் கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை மங்கியது. முதலில் ஓரங்கள் போயின, பிறகு நடுவும் பனி மூடியதுபோல் ஆயிற்று. கார் முற்றத்தில் நின்றுவிட்டது. அக்கம்பக்கத்தார் ஒருமுறை கூட்டிப்போவார்கள், இரண்டுமுறை கூட்டிப்போவார்கள். டாக்சிக்காரர்களோ மலைப்பாதை என்றதுமே வேறு வேலை இருக்கிறது என்பார்கள். இரண்டு முறைத் தண்ணீர் கைவிட்டுப் போனதில் தெற்கு வரிசை மரங்கள் இலை சுருண்டன.

மகன் சியாமக் மஷ்ஹதிலிருந்து வந்தான். "வித்துடலாம்ப்பா. செங்கல் சூளைக்காரர் கேக்கறாரு. அவருக்கு மரம் வேண்டாம், மண்ணுதான் வேணும்" என்றான்.

இஷ்ரத்தம்மா தேநீர்த் தட்டைத் தரையில் வைத்த சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. "மரத்த வெட்டிட்டு மண்ணச் சுடுவானா? கல்யாணமான வருஷம் நட்ட மரம்டா அது! நான் ஓட்டறேன் காரு."

சியாமக் சிரித்தான். நவ்ரூஸ் அலி சிரிக்கக்கூட இல்லை. கடைசியில், மாதுளைப் பூ உதிர்ந்து காய் பிடிப்பதற்குள் அம்மா கையில் லைசென்ஸ் வந்தால் தோட்டம் இருக்கும், வராவிட்டால் சூளைக்காரருக்கு என்று பேச்சு முடிந்தது.

முதல் பாடத்தை நவ்ரூஸ் அலியே எடுத்தார். முற்றத்திலிருந்து தெருமுனைவரை போனார்கள். திரும்பி வரும்போது ஒருவர் இந்தப் பக்கமாகவும் மற்றவர் அந்தப் பக்கமாகவும் நடந்து வந்தார்கள். கார் தெருமுனையிலேயே நின்றது. ஒரு வாரம் பேச்சில்லை. உப்புச் சாடி எங்கே என்று கேட்க வேண்டுமானால்கூட மஷ்ஹதில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் இஷ்ரத்தம்மா என்னிடம் வந்தார்.

நான் மாருக். ஊரில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவள். அந்தப் பெயரை இஷ்ரத்தம்மா நாலே பாடத்தில் காலி செய்தார்.

ஸ்டியரிங்கைப் பிடிப்பதற்கு முன் ஒரு துஆ ஓதுவார். ஓதி முடித்து நாலு திசையும் ஊதுவார். முன்னால் ஒரு ஊது, எனக்கு ஒரு ஊது, பின்சீட்டுக்கு ஒன்று, ஜன்னலுக்கு ஒன்று. கார் நிற்கும்போது ஊதினால் எனக்கென்ன? ரவுண்டானாவுக்குள் நுழையும்போதும் இரண்டு கையையும் எடுத்துவிட்டு ஊதுவார். தலையில் போர்த்திய சாதர் நழுவினால் அதன் நுனியைப் பல்லில் கடித்துக்கொள்வார். அந்த நேரத்தில் மட்டும் பேச்சு நிற்கும். நான் சாதருக்கு நன்றி சொல்வேன்.

அதைவிடப் பெரிய தொல்லை அவருடைய மரியாதை. வாசலில் இரண்டு பேர் சந்தித்தால் "நீங்க முதல்ல", "இல்ல, நீங்க" என்று கால் மணி நேரம் நிற்பது எங்கள் ஊர்ப் பழக்கம். காரில் ஏறினால் அந்தப் பழக்கத்தை எல்லோரும் வீட்டிலேயே விட்டுவிட்டு வருவார்கள். இஷ்ரத்தம்மா விடவில்லை. முச்சந்தியில் காரை நிறுத்தி, வருகிற ஒவ்வொரு வண்டிக்கும் கையை நீட்டி வழிவிட்டார். மோட்டார் சைக்கிளுக்கு வழிவிட்டார். தர்பூசணி வண்டிக்கு வழிவிட்டார். பின்னால் ஹாரன் சத்தம் காதைக் கிழித்தது.

"அம்மா, போங்க. இப்ப நம்ம முறை."

"பாவம், அந்தப் பெரியவர் முகத்தைப் பாரு. அவரு போகட்டும்."

"அவரு போகல. அங்க நின்னு சூரியகாந்தி விதை கொறிச்சிட்டிருக்காரு."

"கொறிச்சு முடிக்கட்டும், அப்புறம் போகட்டும்."

இத்தனைக்கும் கார் எங்கும் மோதவில்லை. ஏன் மோதவில்லை என்பதுதான் விஷயம். பயிற்சிக் காரில் என் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் உண்டு. அவர் ஊதும்போதும் வழிவிடும்போதும் நபியின் பேரில் சலவாத் சொல்லும்போதும் வேலை செய்தது என் வலது கால். கார் சொன்ன இடத்தில் கச்சிதமாக நிற்பதைப் பார்த்து இஷ்ரத்தம்மா டாஷ்போர்டில் ஒட்டியிருந்த அந்தச் சொல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

"பாத்தியா மாருக் கண்ணு? நேத்து ஆஷ் ஊத்தினேன், இன்னைக்குத் தானா நிக்குது!"

"தானா நிக்கல. நான் பிரேக் போட்டேன்."

"நீதான் போட்ட. உன் காலை அசைச்சது யாரு?"

 இந்தக் கேள்விக்குப் பள்ளிவாசல் இமாமே திணறுவார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு, "அந்தச் சொல்லுல உங்க பங்குன்னு ஒண்ணு இருக்கே, அதைப் படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்ல? விடிகாலைல எழுந்து எட்டுக் கிலோ கீரை ஆய்ஞ்சேன். அது முயற்சி இல்லையா? என் பங்கு அண்டா. ஸ்டியரிங் அவரு பங்கு."

முதல் தேர்வு வந்தது. தேர்வு எடுக்கும் போக்குவரத்துப் போலீஸ்காரர் என்ன பதவியில் இருந்தாலும் ஊரார் அவரைக் கர்னல் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் கர்னலுக்கு முகத்தில் ஒரே ஒரு பாவனைதான், பல்வலிக்காரனின் பாவனை. தேர்வும் அதே பயிற்சிக் காரில்தான். என் சீட்டில் அவர் உட்காருவார், நான் வெளியே மல்பெரி மரத்தடியில் நிற்பேன். விதி எளிது: கர்னல் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தால் தேர்வு முடிந்தது, ஃபெயில். அதாவது, என்னோடு இருந்தபோது இஷ்ரத்தம்மாவைக் காப்பாற்றிய அதே அருள்தான், கர்னலோடு இருந்தபோது கவிழ்த்தது. கார் ரவுண்டானாவைக்கூட எட்டவில்லை.

"உன்கூட வந்தா ஆண்டவன் பிரேக் போடறாரு. அந்தாளு கூட வந்தா போட மாட்டேங்கறாரே!" என்று இஷ்ரத்தம்மா இறங்கி வந்து சொன்னார்.

"போட்டாரும்மா. அதனாலதான் ஃபெயிலு."

இரண்டாவது தேர்வில் கார் கிளம்பவே இல்லை. அதற்கு முந்தின நாள் இஷ்ரத்தம்மா குங்குமப்பூப் போட்ட மஞ்சள் பாயசம் காய்ச்சியிருந்தார். எங்கள் ஊர்க் குங்குமப்பூவின் மணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பாயசத்துக்காகவே புதிதாக ஒரு குறை உண்டாக்கிக்கொள்ளலாம். மேலே இலவங்கப்பட்டைத் தூளால் எழுதுவது வழக்கம். அவர் அந்தப் பழஞ்சொல்லை எழுத ஆசைப்பட்டிருக்கிறார். கிண்ணம் சின்னது. எந்தப் பாதி முக்கியம் என்று யோசித்து, ஆண்டவன் பங்கு இருக்கும் பாதியை மட்டும் எழுதினார். அருளைப் பற்றிய அந்தப் பாதியைத் தாங்கிய கிண்ணத்தைச் சாவியைத் திருப்புவதற்கு முன் கர்னல் மடியில் வைத்தார்.

பிறகு கர்னல் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு அடங்காது. நேர்ச்சை உணவை மறுக்கக்கூடாது, பாவம். தேர்வு எழுதுபவரிடம் எதையும் வாங்கக்கூடாது, வேலை போய்விடும். பின்சீட்டில் அடுத்துத் தேர்வுக்குக் காத்திருந்த மூன்று பெண்கள், ஆறு கண்கள். அவர் கிண்ணத்தைத் தூக்கினார், வைத்தார், எழுத்தைப் படித்தார், காது சிவந்தார்.

"அம்மா, இது என்ன? என்னை விலைக்கு வாங்கப் பாக்கறீங்களா?"

"ஐயோ, நேர்ச்சைங்க! ஒரு வாய் சாப்டுங்க, முகம் ஏன் இப்படி வாடியிருக்கு?"

கர்னல் கிண்ணத்தோடு இறங்கி, மல்பெரி மரத்தடியில் என் கையில் அதைத் திணித்துவிட்டு, காகிதத்தில் ஃபெயில் என்று ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். பாயசத்தை நான்தான் சாப்பிட்டேன். அருமையாக இருந்தது.

அதற்குள் மாதுளை பூத்துச் சிவந்துவிட்டது. சூளைக்காரர் வருகிற வெள்ளிக்கிழமை தோட்டத்தைப் பார்க்க வருவதாகச் சியாமக் போன் செய்தான். அதற்கு முன் ஒரே ஒரு தேர்வு நாள்தான் மிச்சம், புதன்கிழமை. திங்கட்கிழமை பாடத்துக்கு வந்த இஷ்ரத்தம்மா துஆ ஓதவில்லை, ஊதவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"எத்தனை அண்டா ஊத்திட்டேன் மாருக். ஊரு முழுக்க என் ஆஷைத் தின்னுச்சு. எனக்குன்னு ஒரே ஒரு தடவை கேட்டேன். குடுக்கல பாரு. அந்த மனுஷன் கண்ணும் போச்சு. அவரு தோட்டத்துல நின்னாதான் மீசைய முறுக்கறாரு. வீட்டுல ஒரு மூலைல சுருண்டுக்கறாரு. தோட்டமும் போனா அவரு இருக்க மாட்டாரு, எனக்குத் தெரியும்."

 இப்படிப்பட்ட நேரத்தில் எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். செருப்பைக் கழற்றினேன். இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன பண்ற?"

"தொழப் போறதில்ல. சும்மா உக்காந்திருக்கேன். வண்டிய எடுங்க."

"காலைக் கீழ வை!"

"வைக்க மாட்டேன். இன்னைக்கு என் கால் லீவு. உங்களுக்கும் ஆண்டவனுக்கும் நடுவுல நான் எதுக்கு?"

"மோதிடுவேன்!"

"மோதுங்க. வண்டி முதலாளியோடது."

சாதரைப் பல்லில் கடித்துக்கொண்டு வண்டியை எடுத்தார். இரண்டுமுறை அணைந்தது. மூன்றாவது முறை துள்ளிக்கொண்டு கிளம்பியது. ஊரைத் தாண்டி, உப்பு வெளியைப் பார்த்து நேராகப் போகும் சாலைக்கு விடச் சொன்னேன். வெளியே நான் பாறை மாதிரி உட்கார்ந்திருந்தேன். உள்ளே நானும் சலவாத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் இதுவரை சொல்லவில்லை.

மேட்டைத் தாண்டி இறங்கும்போது சாலை முழுக்க ஆடு. எந்தப் பக்கமும் வழி இல்லை.

"மாருக்! கால்! காலு!"

நான் அசையவில்லை. இஷ்ரத்தம்மா ஒரு கத்து கத்தினார். தனக்குத் தெரிந்த எல்லாப் புனிதர்களையும் ஒரே மூச்சில் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே காலை அழுத்தினார். கார் சீறி, ஆடி, ஒரு கிழட்டு ஆட்டின் தாடிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ஆடு எங்களைப் பார்த்தது. சலிப்போடு நகர்ந்துபோனது. ஆட்டிடையன் கம்பை ஊன்றியபடி "கண்ணு இல்லையா பாட்டி?" என்று கத்தினான். இஷ்ரத்தம்மாவுக்கு அது காதில் விழவில்லை.

அவர் குனிந்து என் மடித்த கால்களைப் பார்த்தார். பிறகு காலியாகக் கிடந்த என் பெடல்களைப் பார்த்தார்.

"நீ இறக்கவே இல்லையா?"

"இல்ல."

"அப்ப யாரு நிறுத்தினது?"

"உங்க பாதத்தைக் கேளுங்க."

பழைய சாக்ஸுக்குள் வீங்கியிருந்த தன் வலது காலை, வீட்டுக்குத் திடீரென்று வந்த விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.  ஆடுகள் கடந்து முடிந்தன. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்தக் காலை இத்தனை நாளா அண்டா பக்கத்துல நிக்கறதுக்கு மட்டும்தானே வச்சிருந்தேன்" என்றார். கியரைப் போட்டு அவரே கிளம்பினார். அன்றைக்கும் மறுநாளும் இருட்டும்வரை ஓட்டினோம். முச்சந்தியில் ஒரு லாரிக்காரன் மூக்கை நுழைத்தபோது இஷ்ரத்தம்மா சன்னலைத் திறந்து, "என் முறைடா தம்பி!" என்று கத்தினார். எனக்குக் காது குளிர்ந்தது.

புதன்கிழமை வெறுங்கையோடு வந்தார். கர்னல் அவர் கையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், சந்தேகத்தோடு மடியையும் பார்த்துக்கொண்டார். கார் போனது. ரவுண்டானாவைச் சுற்றியது. மல்பெரி மரத்தடியில் நான் நின்ற நிற்பு எனக்குத்தான் தெரியும். திரும்பி வந்து, நடைபாதை ஓரமாகக் கோணலாகத்தான் நின்றது, ஆனால் நின்றது. கர்னல் இறங்கிக் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, பல்வலிக்காரன் முகத்தோடு, மெல்லிய குரலில் கேட்டார்:

"இன்னைக்குப் பாயசம் இல்லையாம்மா?"

"பாஸான அப்புறம்தானே நேர்ச்சை, கர்னல் ஐயா! இப்ப காய்ச்சறேன்."

வெள்ளிக்கிழமை காலை தோட்டத்துக்குத் தண்ணீர் முறை. சூளைக்காரரை வர வேண்டாம் என்று சியாமக் சொல்லிவிட்டான். இஷ்ரத்தம்மா ஓட்டுகிறார், பக்கத்தில் நவ்ரூஸ் அலி, பின்சீட்டில் மண்வெட்டியும் தேநீர்ப் பிளாஸ்க்கும் நானும். என்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் மரியாதை என்று இஷ்ரத்தம்மா சொன்னார். பயம் என்று எனக்குத் தெரியும்.

அது அவர்களுடைய பழைய கார். பக்கத்து சீட்டின் காலடியில் பெடல் ஒன்றும் கிடையாது, தேய்ந்த ரப்பர் விரிப்பு மட்டும்தான். மலைப்பாதை தொடங்கியதும் நவ்ரூஸ் அலி நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்வை இல்லாவிட்டாலும் அந்தப் பாதையின் ஒவ்வொரு வளைவும் அவர் உடம்புக்குத் தெரியும். இடிந்த சத்திரத்தை ஒட்டிய வளைவு வந்தபோது அவருடைய வலது கால் எழும்பி, வெறும் விரிப்பை ஓங்கி அழுத்தியது. முப்பது வருஷப் பழக்கம்.

வளைவு இன்னும் தள்ளியிருந்தது. இஷ்ரத்தம்மாவுக்கு அங்கே பிரேக் தேவையே இல்லை. ஓரக்கண்ணால் அந்தக் காலைப் பார்த்தார். பார்த்துவிட்டு மெதுவாகப் பிரேக் போட்டார்.

"அப்படித்தான்! பாத்தியா? நான் இல்லாட்டி இந்நேரம் பள்ளத்துல கிடப்போம்" என்றார் நவ்ரூஸ் அலி.

"நீங்க இருக்கற தைரியத்துலதானே எடுத்தேன்."

அடுத்த வளைவிலும் அவர் கால் அழுந்தியது, கார் தணிந்தது. அதற்கடுத்த வளைவிலும் அப்படியே. மேடு வரும்போது அவருடைய கை மீசைக்குப் போனது. கண்ணாடியில் இஷ்ரத்தம்மா என்னைப் பார்த்தார், வாயைத் திறந்தால் கொன்றுவிடுவேன் என்பது போன்ற பார்வை. நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கண் எரிந்தது. தூசு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்து வாசலில் தண்ணீர் முறை பார்க்கும் ஹைதர் நின்றிருந்தார். காரைப் பார்த்ததும் ஓடி வந்து கதவைத் திறந்தார்.

"நவ்ரூஸ் அலி! யாரு கூட்டிட்டு வந்தா உங்கள?"

"யாரு கூட்டிட்டு வரணும்? நான்தான் வண்டியக் கொண்டாந்தேன்" என்று நவ்ரூஸ் அலி கையை நீட்டிக் கதவைத் தடவி இறங்கினார்.

ஹைதர் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவரைப் பார்த்தார். இஷ்ரத்தம்மா சாவியைக் கழற்றிச் சாதருக்குள் போட்டுக்கொண்டு மண்வெட்டியை எடுத்தார்.

"ஆமா, அவருதான் கொண்டாந்தாரு. நான் சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டிருந்தேன்" என்று சொல்லிவிட்டு மடையைத் திறக்கப் போனார்.